செகண்ட் ஹேண்ட் பைக்குக்கு எந்த இன்சூரன்ஸ் கட்டாயம், எதற்குக் காசு போடலாம்

கேள்வி இதுதான்: ஒருவர் நான்கு வருடப் பழைய 150 சிசி பைக் ஒன்றை வாங்கியிருக்கிறார். முதல் ஓனர் ஷோரூமில் எடுத்தபோது போட்ட ஐந்து வருட தேர்டு பார்ட்டியில் (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கான காப்பு) இன்னும் சில மாதம் மீதி இருக்கிறது, ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பு) எப்போதோ முடிந்துவிட்டது. தினமும் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார். இருக்கிற இன்சூரன்ஸே போதுமா, இல்லை ஏஜென்ட் சொல்கிற ஜீரோ டெப், இன்ஜின் கவர் எல்லாம் போட வேண்டுமா என்று கேட்கிறார்.

போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்ட, இருக்கிற இன்சூரன்ஸே போதும். ஆனால் நீங்கள் விழுந்தால் உங்களுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது, பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவிக்கும் பெரும்பாலும் வராது. ஏஜென்ட் சொல்கிற பட்டியல் முழுக்க வண்டியின் பிளாஸ்டிக்கையும் இன்ஜினையும் பற்றியது. நான் கிளைம் பக்கம் வேலை பார்த்தவன் என்பதால் வேறு வரிசையில் சொல்கிறேன்: முதலில் ஆர்சி, அப்புறம் உங்கள் உயிர், அப்புறம் உங்கள் மனைவியின் உயிர், வண்டி கடைசியில்.

முதலில் கட்டாயம் எது என்று முடித்துவிடலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவுப்படி தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது. பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. காகிதமாக வைத்திருக்க வேண்டியதில்லை, டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு ஆப்களில் காட்டினால் செல்லும்.

இந்த அபராதத்தைத்தான் எல்லோரும் பெரிதாக நினைக்கிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ரோட்டைக் கடக்கும் ஒருவர் உங்கள் வண்டியில் அடிபட்டு இறந்துவிடுகிறார், தவறு உங்கள் பக்கம். அவருக்கு 30 வயது, சொந்தத் தொழிலில் மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்தவர், அவரை நம்பி மனைவியும் இரண்டு குழந்தைகளும். உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் வகுத்துக் கொடுத்த முறைப்படி, எதிர்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்று 40 சதவீதம் கூட்டுவார்கள், 28,000. அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மீதியை வருடக் கணக்காக்கினால் 2,24,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 17. மொத்தம் 38,08,000 ரூபாய், இறுதிச்சடங்குச் செலவு, வட்டி எல்லாம் தனி. தேர்டு பார்ட்டி இருந்தால் இதைக் கம்பெனி கட்டும், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மேல் வரம்பு கிடையாது. இல்லாவிட்டால் உங்கள் வீடு, நிலம், சம்பளம் வரைக்கும் வரும்.

அடுத்தவரின் சொத்துச் சேதத்துக்கு மட்டும் வரம்பு உண்டு, இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சம். விலை உயர்ந்த கார் ஒன்றின் பின்புறத்தில் மோதினால் ஒரு லட்சத்துக்கு மேல் பில் வரலாம், மீதி உங்கள் கையிலிருந்துதான். இதிலும் ஒரு சில்லறை வேலை உண்டு: பிரீமியத்தில் ஒரு சின்னத் தொகையைக் குறைக்க அந்த ஒரு லட்சத்தை 6,000 ஆக இறக்கிக்கொள்ளும் வசதியை டிக் செய்து வைத்திருப்பார்கள். பாலிசித் தாளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

தேர்டு பார்ட்டி பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறாது, அரசு அறிவிக்கும் விலை. 2022 ஜூன் 1 முதல் வந்த விகிதப்படி வருடத்துக்கு 75 சிசி வரை 538 ரூபாய், 150 சிசி வரை 714, 350 சிசி வரை 1,366, அதற்கு மேல் 2,804. இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. உங்கள் 150 சிசிக்கு வரியோடு 843 ரூபாய் அளவில் வரும். பழைய யூனிகார்ன் 150 வைத்திருந்தவர்கள் 2020இல் வந்த 162.7 சிசி யூனிகார்னுக்கு மாறியபோது, அந்தப் பதின்மூன்று சிசி சொச்சத்துக்காக, இந்த விகிதப்படி தேர்டு பார்ட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்ட வேண்டி வந்தது. எக்ஸ்எல் 100 ஓட்டுகிறவரும் பல்சர் 150 ஓட்டுகிறவரும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு மோட்டாரின் கிலோவாட்டை வைத்துத் தனி விகிதம், கொஞ்சம் குறைவு.

ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டும் முறை 2018 செப்டம்பர் 1 முதல் வந்தது. அதன் பின்னால் இருப்பது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மூட்டு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் பற்றி உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு. ஷோரூமை விட்டு வரும்போது இருக்கும் இன்சூரன்ஸ் அடுத்த வருடம் பெரும்பாலான பைக்குகளுக்கு இல்லாமல் போனதால் வந்த தீர்வு அது. அதனால்தான் உங்கள் வண்டியில் தேர்டு பார்ட்டி மட்டும் உயிரோடு இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரில்தானே இருக்கிறது? நீங்கள் சொல்லவில்லை, ஆனால் இன்சூரன்ஸ் அவர் பெயரில் இருக்கிறது என்றால் அநேகமாக அதுவும் அப்படித்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி டேங்க் கவருக்குள் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது நம் ஊரில் சகஜம். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் விற்றவருக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அவரிடம் சொல்லுங்கள், உங்களைவிட அவர் வேகமாக ஓடுவார்: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி நாலு கை மாறியிருந்தாலும் அதே கதைதான்.

இன்சூரன்ஸ் பக்கம் பார்த்தால், வண்டி கை மாறும்போது தேர்டு பார்ட்டி மட்டும் தானாக வாங்குபவருக்கு வந்துவிடும். 157ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது, ஆனாலும் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. ஓன் டேமேஜ் அப்படித் தானாக வராது. பழைய ஓனர் பெயரில் ஓன் டேமேஜ் இருந்து, பெயர் மாற்றாமல் நீங்கள் ஓட்டி, வண்டி நொறுங்கினால் கம்பெனி கையை விரிக்கும், கோர்ட்டுக்குப் போனாலும் நிற்பது கஷ்டம். கிளைம் போடாத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் வண்டியோடு வராது, அது ஆளோடு போவது. அவருடைய போனஸைக் காட்டி உங்களுக்குப் பிரீமியத்தைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளைம் வரும்போதுதான் அதைத் தோண்டுவார்கள்.

இப்போது உங்கள் உயிர். கட்டாயப் பட்டியலில் இரண்டாவதாக ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை: வண்டி ஓட்டும் ஓனருக்கான தனிநபர் விபத்துக் காப்பு. முன்பு இருசக்கர வண்டிக்கு வெறும் ஒரு லட்சமாக இருந்தது. இந்தத் தொகை போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்ன பிறகுதான் அடுத்த வருடம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அதை 15 லட்சமாக உயர்த்தியது. அப்போது வைத்த பிரீமியம் வருடம் 750 ரூபாய். இது ஓனரின் பெயரில் இருக்கும், உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், ஆர்சியும் பாலிசியும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தேர்டு பார்ட்டியை ஐந்து வருடத்துக்குப் போடும்போது இதை மட்டும் ஒரு வருடத்துக்குப் போட்டிருப்பார்கள், அப்புறம் யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள். உங்கள் வண்டியில் அது இருந்தாலும் பழைய ஓனருடைய உயிருக்குத்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், இருசக்கர விபத்துகளில் கணிசமானவற்றில் எதிரில் வண்டியே கிடையாது. நாய் குறுக்கே வரும், ஜல்லி கிடக்கும், மழையில் குழி தெரியாது, சறுக்கி விழுவோம். எதிரி வண்டி இருந்தால் அதன் இன்சூரன்ஸில் கேட்கலாம். தானாக விழுந்தால் யாரிடம் கேட்பது? உங்கள் சொந்தத் தேர்டு பார்ட்டியில் நீங்களே கேட்க முடியாது, ஏனென்றால் அதில் நீங்கள் தேர்டு பார்ட்டி இல்லை. நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டினாலும் அப்படித்தான், ஓட்டுகிறவர் ஓனரின் இடத்தில் நிற்கிறார் என்று 2020இல்கூட உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

உங்கள் பெயரில் ஏற்கெனவே மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 15 லட்சமோ அதற்கு மேலோ தரும் தனி விபத்துப் பாலிசி இருந்தால் அந்த 750 கட்ட வேண்டாம், எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. என் கருத்து, வண்டியோடு ஒட்டியதைவிடத் தனிப் பாலிசிதான் நல்லது. அது எந்த வண்டியில் போனாலும், பஸ்ஸில் போனாலும், மாடிப்படியில் விழுந்தாலும் செல்லும். சரல் சுரக்ஷா பீமா என்று ஒரே மாதிரி விதிகளுள்ள ஒரு விபத்துப் பாலிசியை எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் 2021 ஏப்ரலிலிருந்து விற்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ வைத்திருக்கிறது, இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எடுக்கலாம். ஏஜென்ட் தானாக இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: வண்டியோடு வரும் அந்த 15 லட்சம் மரணத்துக்கும், கை, கால், கண் இழப்புக்கும், முழு நிரந்தர ஊனத்துக்கும்தான். கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்து மூன்று மாதம் படுத்திருந்தால் அதில் எதுவும் வராது. அதற்கு மெடிக்கல் இன்சூரன்ஸ்தான் வேண்டும். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். உயிரைக் காப்பாற்றும் நல்ல திட்டம். ஆனால் அதற்குப் பிறகு வரும் பில் உங்கள் தலையில் விழலாம்.

உங்கள் மனைவி விஷயம்தான் இதில் சிக்கலானது, ஏஜென்ட்டுகளில் பாதிப் பேருக்கே தெரியாதது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் பைக்கின் பின்னால் உட்காருபவருக்குக் காப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2006இலும் 2008இலும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ரோட்டில் நடந்து போகும் முன்பின் தெரியாதவருக்கு வரம்பில்லாத காப்பு, பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு ஒன்றுமில்லை. கேட்கவே கசப்பாக இருக்கும், ஆனால் நிலைமை அதுதான். பேக்கேஜ் பாலிசி, அதாவது தேர்டு பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்தது என்றால் பின்னால் இருப்பவருக்கும் கம்பெனி பொறுப்பு என்று 2009இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே சுற்றறிக்கை விட்டது, நீதிமன்றங்களும் அதை ஏற்றுக்கொண்டன.

இங்கேதான் உங்கள் மாதிரி ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 2019 செப்டம்பரிலிருந்து ஓன் டேமேஜைத் தனியாக வாங்கலாம். மீதி இருக்கும் தேர்டு பார்ட்டியோடு ஒரு தனி ஓன் டேமேஜைச் சேர்த்தால் ‘ஃபுல் இன்சூரன்ஸ் ஆகிவிட்டது, மனைவிக்கும் சேர்த்துத்தான்’ என்று சொல்லி விற்பார்கள். தனி ஓன் டேமேஜ் உங்கள் வண்டியின் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும்தான். பின்னால் இருப்பவரின் கேள்விக்குப் பதில் அந்த ஐந்து வருடப் பாலிசியின் பொறுப்புப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருக்கிறது, வண்டியில் பயணிப்போர் உட்பட என்று இருக்கிறதா அல்லது சட்டம் கோரும் அளவுக்கு மட்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், போனில் சொல்வதை நம்ப வேண்டாம். ஐந்து வருடம் முடிந்து புதுப்பிக்கும்போது தேர்டு பார்ட்டியை மட்டும் தனியாகப் போடாமல் பேக்கேஜாகவே போடுங்கள்.

அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, மனைவி பெயரில் ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிடுங்கள். பாலிசியோடு பின்னால் உட்காருபவருக்கு என்று ஒட்டித் தரும் விபத்துக் காப்பு பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டாது. வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டமே இரண்டு லட்சம் தருகிறது, 18 முதல் 70 வயது வரை சேரலாம். முதலில் அதில் இரண்டு பேரும் சேருங்கள்.

கடைசியாக வண்டி. ஓன் டேமேஜில் ஐடிவி என்று ஒரு தொகை போடுவார்கள், திருட்டுப் போனாலோ முற்றிலும் நாசமானாலோ அதுதான் அதிகபட்சம். ஐந்து வருடத்தை நெருங்கும்போது ஷோரூம் விலையில் பாதி என்பதுதான் அட்டவணைக் கணக்கு. பிரீமியம் குறைவாகத் தெரிய ஐடிவியை இன்னும் இறக்குவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜீரோ டெப் எதற்கு என்றால், பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காமல் இருக்க. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதிதான் தருவார்கள், உங்கள் வண்டியின் வயதுக்கு உலோகத்தில் கால் பங்குக்கு மேல் கழியும். உதாரணமாக, பிளாஸ்டிக் 6,000, உலோகம் 4,000, கூலி 1,500 என்று 11,500 பில் வந்தால், மூன்று முதல் நான்கு வயது வண்டிக்கு 3,000, 3,000, 1,500 சேர்த்து, கட்டாயக் கழிவு நூறு போக, 7,400 கிடைக்கும். 4,100 உங்கள் கையிலிருந்து. உடம்பெல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கும் புது ஸ்கூட்டர், ஃபேரிங் போட்ட ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் முதல் மூன்று வருடம் ஜீரோ டெப் போடச் சொல்வேன். உங்கள் வண்டிக்கு வேண்டாம். இந்த வயதில் சில கம்பெனிகள் தருவதும் இல்லை.

இன்ஜின் கவர் நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. வெள்ளச் சேதம் ஓன் டேமேஜிலேயே அடங்கும், ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அதனால் உள்ளே போன சேதம் அடங்காது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நிறையப் பேர் தண்ணீர் வடிந்ததும் செல்ஃபை அழுத்திப் பார்த்தார்கள், கிளைம் அங்கேயே போயிற்று. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வண்டி தெருவில் நிற்கிறது என்றால் இன்ஜின் கவர் போடுங்கள். மேடான இடம் என்றால் அந்தக் காசு மிச்சம். எப்படியானாலும் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டோ டோ செய்தோ போங்கள், அதற்கு முன் போட்டோ எடுங்கள்.

ரோட்டோரத்தில் நின்றால் ஆள் வந்து பார்க்கும் சேவை, நட்டு போல்ட்டு ஆயிலுக்கான காப்பு, சாவி தொலைந்தால் காப்பு, இவை எல்லாம் ஏஜென்ட்டின் திருப்திக்கு. வண்டி திருட்டுப் போனாலோ முற்றிலும் நாசமானாலோ வாங்கிய பில் தொகையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் புது வண்டிக்குத்தான் அர்த்தமுள்ளது.

நோ கிளைம் போனஸைப் பற்றி ஒரு வார்த்தை. 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 வரை போகும், பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போய்விடும். இது ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும் உள்ள தள்ளுபடி. காரில் அது பல ஆயிரம். உங்கள் வண்டியில் ஓன் டேமேஜே ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால் போனஸ் இருநூறு முந்நூறு. இதைக் காப்பாற்றுகிறேன் என்று ஐயாயிரம் ரூபாய் வேலையைக் கைக்காசில் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பைக்குக்கு அந்தக் கணக்கு சரிவராது, கிளைம் போடுங்கள்.

வாரக் கடைசியில் உணவு டெலிவரி, பைக் டாக்ஸி ஓட்டும் எண்ணம் இருந்தால் முன்பே யோசியுங்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கு என்று எழுதியே இருக்கும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பதே எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்றுதான். குடித்திருந்தால், லைசென்ஸ் இல்லாவிட்டால் சொல்லவே வேண்டாம், அடிபட்டவருக்குக் கம்பெனி கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும் தீர்ப்புகள் வரிசையாக உண்டு.

திருட்டுப் போனால் அன்றைக்கே ஸ்டேஷனில் புகார், வெறும் புகார் ரசீதான சிஎஸ்ஆரோடு நிற்காமல் எஃப்ஐஆர் வாங்குங்கள், கம்பெனிக்கும் உடனே தெரிவியுங்கள். வண்டி வாங்கும்போதே இரண்டு சாவியையும் பழைய ஓனரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள், கிளைமில் இரண்டையும் கேட்பார்கள். கிளைமை அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள், 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைகளை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இன்னும் ஒன்று, உங்கள் கையில் இருக்கும் பாலிசி பிடிஎஃப் உண்மையானதா என்று கம்பெனியின் இணையதளத்தில் பாலிசி எண்ணைப் போட்டும், எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டும் இன்றைக்கே பாருங்கள். புதுப்பிக்கும்போது யாராவது 150 சிசிக்குத் தேர்டு பார்ட்டியை ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்றால், அரசு வைத்த விலையிலேயே தள்ளுபடி தர எந்தக் கம்பெனிக்கும் வழியில்லை, அது போலி.